பக்கவாத நோயாளிக்கு டியூபை எப்போது எடுக்கலாம்: ஐசியூ குழுவுக்கான வழிகாட்டி

பக்கவாதத்தில் மூச்சுக்குழாயில் டியூப் போடப்பட்ட பலருக்கு நுரையீரல் நன்றாகவே இருக்கும். நினைவு மங்கியதாலோ, எச்சிலை விழுங்க முடியாததாலோ, மூளை ரத்தக்குழாயிலிருந்து ரத்தக்கட்டியை எடுக்க மயக்கம் கொடுத்ததாலோ டியூப் போட்டிருப்பார்கள். ஆகவே எடுக்கும்போது இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். தானாக மூச்சு விடுகிறாரா? தன் தொண்டையைத் தானே காத்துக்கொள்வாரா? வென்டிலேட்டர் திரை முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். இவர்களுக்கு டியூப் திரும்பவும் போட வேண்டி வருவது பெரும்பாலும் இரண்டாவதில் சறுக்குவதால்தான்.

முதலில் மூளையின் நிலையைப் பாருங்கள். நடுப்பெருமூளைத் தமனி முழுவதும் அடைபட்டிருந்தாலோ, சிறுமூளையில் பெரிய அடைப்பு இருந்தாலோ, வீக்கம் 2 முதல் 5 நாட்களுக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டாம் நாள் கண்விழித்துப் பார்ப்பவர் மூன்றாம் நாள் மயங்கிவிடலாம். சிடியில் வீக்கம் கூடிக்கொண்டே போனாலோ, மண்டையோட்டு அறுவை சிகிச்சை பேச்சில் இருந்தாலோ பொறுத்திருங்கள். கட்டி எடுப்பதற்காக மட்டும் மயக்கம் கொடுக்கப்பட்டவர் விஷயம் நேர் எதிர். வேறு காரணம் இல்லையென்றால் மயக்கம் தெளிந்ததுமே எடுத்துவிடுவது நல்லது. காரணமில்லாமல் தொண்டையில் கிடக்கும் டியூப் நிமோனியாவைத்தான் கொண்டுவரும்.

'நினைவு திரும்பவில்லை' என்று எழுதுமுன் செடேஷன் (மயக்க மருந்து) கடைசியாக எப்போது போனது என்று பாருங்கள். வயதானவர்களுக்கும் சிறுநீரகம் பழுதானவர்களுக்கும் மிடாசோலம் என்ற மயக்க மருந்து நிறுத்திய பிறகும் வெகுநேரம் வேலை செய்யும்.

முதல் கேள்விக்கான சோதனை எல்லோருக்கும் செய்வதுதான். ஆக்சிஜன் 40 சதவீதம் அல்லது குறைவு, பீப் (மூச்சை விட்ட பின்னும் நுரையீரலில் வென்டிலேட்டர் தக்கவைக்கும் அழுத்தம்) 5 முதல் 8, ரத்த அழுத்தம் மருந்தின் பெரிய உதவியில்லாமல் நிற்க வேண்டும். பிரஷர் சப்போர்ட் (மூச்சிழுக்கும்போது வென்டிலேட்டர் தரும் அழுத்த உதவி) 5 முதல் 8, பீப் 5 வைத்து 30 நிமிடம் தானாக மூச்சு விடவிடுங்கள். மூச்சு நிமிடத்துக்கு 35-ஐத் தாண்டி நீடித்தாலோ, ஆக்சிஜன் செறிவு 90-க்குக் கீழ் இறங்கினாலோ, நாடி 140-ஐத் தாண்டினாலோ, வியர்த்துத் தவித்தாலோ நிறுத்திவிடுங்கள். மூளைத்தண்டில் அடைப்பு உள்ளவரைத் தூங்கும்போதும் கவனியுங்கள். விழித்திருக்கையில் சீராக ஓடும் மூச்சு, தூக்கத்தில் விட்டுவிட்டு நிற்கக்கூடும்.

இனி தொண்டை. நேரம் ஒதுக்க வேண்டியது இங்கேதான். வென்டிலேட்டரைக் கழற்றி, டியூபின் வாய்க்கு 1 முதல் 2 செ.மீ. தள்ளி ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்து, மூன்று நான்கு முறை இருமச் சொல்லுங்கள். அட்டையில் ஈரம் தெறித்தால் இருமலுக்கு வலு இருக்கிறது. சொல்வது புரியாதவருக்கு, சளியை உறிஞ்சும் சக்ஷன் குழாய் உள்ளே போகும்போது வரும் இருமலைப் பாருங்கள். அடுத்து நர்ஸின் குறிப்பேடு: சக்ஷன் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போதுமென்றால் பரவாயில்லை, மணிக்கு ஒருமுறை தேவைப்பட்டால் தள்ளிப்போடுங்கள். வாயில் எச்சில் குளமாகத் தேங்குகிறதா, குரல்வளை மேலேறி இறங்கி விழுங்க முயல்கிறதா என்று சில நிமிடம் கழுத்தையே பாருங்கள். தொண்டையைத் தொட்டால் குமட்டல் வருகிறது என்பதை வைத்து விழுங்குவார் என்று முடிவு கட்டக்கூடாது.

நினைவை அளப்பதில்தான் தவறு அதிகம் நடக்கிறது. இடப்பக்க மூளை பாதித்து மொழி போனவர் 'இரண்டு விரலைக் காட்டுங்கள்' என்றால் காட்டமாட்டார். அதை மயக்கம் என்று எடுத்துக்கொள்வது அநியாயம். நீங்கள் விரலைக் காட்டி அவரும் காட்டுகிறாரா, கட்டிலைச் சுற்றி நடந்தால் கண் பின்தொடர்கிறதா என்று பாருங்கள். டியூபை எடுத்தால் வெற்றி கிடைக்குமா என்று கணிக்க 2017-இல் வெளியான விசாஜ் மதிப்பெண் நான்கு விஷயங்களைக் கேட்கிறது: வயது 40-க்குக் கீழ், கண் பின்தொடர்தல், விழுங்க முயலுதல், ஜிசிஎஸ் (நினைவின் அளவைக் காட்டும் மதிப்பெண்) 10-க்கு மேல். மூன்று இருந்தால் அந்த ஆய்வில் பத்தில் ஒன்பது பேருக்கு வெற்றி. பக்கவாதக்காரர்கள் பெரும்பாலும் 40-ஐத் தாண்டியவர்கள் என்பதால் மீதி மூன்றும் வேண்டும் என்றாகிறது. அதற்காக ஜிசிஎஸ் 8-ஐத் தாண்டும்வரை காத்திருப்பதும் சரியல்ல. இருமலும் சளியும் சாதகமாக இருந்தால், நினைவு குறைந்தவர்களும் டியூப் இல்லாமல் சமாளிக்கிறார்கள்.

ஆறு நாளுக்கு மேல் டியூப் இருந்தவர், பெண்கள், போடும்போது சிரமப்பட்டவர் ஆகியோருக்குக் கஃப் லீக் பாருங்கள், அதாவது டியூபைச் சுற்றியுள்ள காற்றுப்பையான கஃபை இறக்கினால் காற்று எவ்வளவு கசிகிறது என்று. கஃபை இறக்கியபின் கசிவு 110 மி.லி.-க்குக் குறைவென்றால் குரல்வளையில் வீக்கம் இருக்கலாம். எடுப்பதற்குக் குறைந்தது 4 மணி நேரம் முன்பே ஸ்டீராய்டு தொடங்குங்கள். சர்க்கரை ஏறும், அதையும் பாருங்கள்.

ஆள்பலம் இருக்கும் பகல் நேரத்தில் எடுங்கள். உணவை 4 முதல் 6 மணி நேரம் முன்பே நிறுத்தி, வயிற்றில் தங்கியதை உறிஞ்சிவிடுங்கள். கட்டி கரைக்கும் ஊசி போட்டு 24 மணி நேரம் ஆகாதவருக்கு ரத்த அழுத்தம் 180/105-ஐத் தாண்டக்கூடாது. டியூப் வரும்போது இருமி அழுத்தம் எகிறும் என்பதால் மருந்தைக் கையில் வையுங்கள். மறுபடி டியூப் போடும் சாமான் கட்டிலருகிலேயே இருக்க வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்தி, வாயையும் கஃபுக்கு மேலே தேங்கியதையும் நன்றாக உறிஞ்சிய பிறகுதான் கஃபை இறக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தேங்கியது எல்லாம் நுரையீரலுக்குப் போகும்.

எடுத்ததும் மூச்சிழுக்கையில் கீச்சொலி வந்தால் அட்ரினலின் நெபுலைசேஷன் கொடுங்கள். அதுவும் ரத்த அழுத்தத்தை ஏற்றும். குரல் களகளவென்று ஈரமாகக் கேட்டால் எச்சில் இறங்காமல் தேங்குகிறது. விழுங்கும் சோதனை முடியும்வரை ஒரு மிடறு தண்ணீரோ மாத்திரையோ கூடாது. இருமலே வராமல் எச்சிலும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போவது இவர்களிடம் சகஜம். முகமூடி வென்டிலேட்டரில் மிகுந்த எச்சரிக்கை வேண்டும், வாந்தி வந்தால் கை செயலிழந்தவரால் அதைக் கழற்ற முடியாது. முதல் மணி நேரம் நன்றாகப் போனது என்று அசந்துவிடாதீர்கள். எச்சில் சேர்ந்து சேர்ந்து இரண்டாம் மூன்றாம் நாள்கூடச் சிக்கலாகும்.

இருமலும் விழுங்கலும் இல்லாதவருக்கும், முயன்று தோற்றவருக்கும் ட்ரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுவழி அமைப்பது) பற்றிப் பேசுங்கள். அவசரம் வேண்டாம். 2022-இல் வெளியான செட்பாயின்ட்2 ஆய்வில், 5 நாளுக்குள் செய்தவர்களுக்கு 10 நாள் பொறுத்தவர்களைவிட ஆறு மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. டியூப் எடுத்து மூச்சுத் திணறினால் மறுபடி போடுவதா வேண்டாமா என்பதைக் குடும்பத்தாருடன் எடுப்பதற்கு முன்பே பேசி, கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.