ஸ்கார்பியோவின் முன்சக்கர பிரேக் பேடு: வீட்டு வாசலிலேயே மாற்றலாம்

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் ஆள் நிறைய ஏற்றிக்கொண்டு இறங்கி வந்த மறுநாள், என் பழைய ஸ்கார்பியோவின் முன் இடது சக்கரத்தில் கரகரவென்று ஒரு சத்தம். அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே கீச்கீச்சென்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது, நான்தான் தூசி என்று விட்டுவிட்டேன். சக்கரத்தோடு சுற்றும் இரும்புத் தட்டுதான் டிஸ்க், அதை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பட்டைதான் பேடு. பேடு தேய்ந்ததும் டிஸ்க்கில் உரசிச் சத்தம் போடட்டும் என்றே ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள், அந்தக் கீச் அதுதான். கரகர வந்துவிட்டால் இரும்போடு இரும்பு உரசுகிறது, வண்டியை எடுக்காதீர்கள்.

வேலை பெரிதில்லை, முதல் தடவை என்றால் அரை நாள் ஆகும். பயப்பட வேண்டியது வண்டியின் எடைக்குத்தான். ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கிற வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பித் தூக்கிவிட்டுக் கையை உள்ளே விடக் கூடாது. சிமென்ட் தரையில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் அண்டை கொடுங்கள். சக்கரம் தரையில் இருக்கும்போதே வீல் நட்டுகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டு அப்புறம் தூக்கி, சேஸிஸுக்கு (வண்டியின் அடிச்சட்டத்துக்கு) அடியில் ஜாக்கி ஸ்டாண்டு வையுங்கள். கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியிலேயே படுக்க வைத்துவிடுங்கள், எதற்கும் இருக்கட்டும்.

ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் கழற்றுங்கள், எது எங்கே இருந்தது என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பேடுகளை டிஸ்க்கோடு சேர்த்து அழுத்தும் கவ்விதான் காலிப்பர், அதன் கீழ்ப்பக்க போல்ட்டைக் கழற்றி மேலே மடக்கினால் பேடுகள் வந்துவிடும். முழுதாகக் கழற்ற வேண்டி வந்தால் கட்டுக்கம்பியால் சஸ்பென்ஷனில் கட்டுங்கள், பிரேக் ஆயில் வரும் ஹோஸில் தொங்கவிட்டால் அந்தக் குழாய் வீணாகிவிடும். பிரேக் தூசியை ஊதவே கூடாது, பிரேக் கிளீனர் அடித்துத் துடையுங்கள்.

பழைய பேடுகளைத் தூக்கிப் போடுவதற்கு முன் பக்கத்தில் பக்கம் வைத்துப் பாருங்கள். என்னுடையதில் வெளிப் பேடில் பாதி மீதி இருந்தது, உள் பேடு வழவழவென்று வெறும் இரும்பு. காலிப்பர் எதன் மேல் நகர்கிறதோ அந்தக் கம்பி, அதாவது ஸ்லைடு பின், துருப்பிடித்து இறுகிக் கிடந்திருக்கிறது. இதைப் பார்க்காமல் புது பேடு போட்டிருந்தால் அதுவும் அதே மாதிரிதான் தேய்ந்திருக்கும். பின்னை உருவி, துடைத்து, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் தடவி, விரலால் தள்ளினாலே நகர்கிறதா என்று பாருங்கள். சாதா கிரீஸ் வேண்டாம், ரப்பர் உப்பிவிடும்.

டிஸ்க்கில் நகத்தை ஓட்டுங்கள். ஆழமாகப் பள்ளம் தட்டினாலோ, டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும் குறைந்தபட்ச தடிமனுக்குக் கீழே போயிருந்தாலோ, இரண்டு பக்க டிஸ்க்கையும் மாற்ற வேண்டியதுதான். பேடும் அப்படியே, ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

புது பேடு தடிமனாக இருப்பதால் பேடை அழுத்தும் பிஸ்டனைக் காலிப்பருக்கு உள்ளே தள்ள வேண்டும். பழைய பேடை அணைத்து வைத்து சி கிளாம்பால் மெதுவாக முறுக்குங்கள். மேலே பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழியப் பார்க்கும், முன்கூட்டியே கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், பெயின்ட்டில் பட்டால் உரித்துவிடும். ஹோஸைக் கழற்றாத வரை பிரேக் ஆயிலில் புகுந்த காற்றை வெளியே எடுக்கிற வேலை இல்லை.

போல்ட்டுகளை மேனுவலில் போட்டிருக்கும் டார்க் அளவுக்கு (முறுக்கு விசைக்கு) இறுக்குங்கள், வீல் நட்டுகளை எதிரெதிராகக் குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். வண்டியைக் கிளப்புவதற்கு முன் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துக்கொண்டே இருங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து, பெடல் தரை வரை இறங்கி, சொந்த கேட்டையே இடித்தவர் எங்கள் தெருவில் இருக்கிறார்.

அப்புறம் புது பேடு டிஸ்க்கோடு பதிய, காலியான சாலையில் 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 10 வரைக்கும், முழுக்க நிறுத்தாமல், எட்டுப் பத்து தடவை பிரேக் பிடியுங்கள், நடுவில் ஆற விடுங்கள். லேசாகக் கருகல் வாசம் வரும், பரவாயில்லை. பெடல் மெத்தென்று அமுங்கினால் மட்டும் அங்கேயே நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். பின் சக்கரங்களில் இருக்கிற டிரம் பிரேக்கை நான் இன்னும் தொடவில்லை, அந்த ஸ்பிரிங்குகளைப் பார்த்தாலே கை தானாகப் பின்வாங்குகிறது.