இருவர் தவறால் அடிபட்ட பயணி முழு இழப்பீட்டையும் கேட்டுப் பெறுவது எப்படி?

தக்கலையிலிருந்து மார்த்தாண்டத்துக்கு ஆட்டோவில் போன ஒருவர், எதிரே வந்த டிப்பர் லாரி மோதிக் கால் எலும்பு முறிந்து கிடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோக்காரர் வளைவில் முந்த முயன்றார். லாரியும் கட்டுக்கடங்காத வேகத்தில் வந்தது. வழக்கு என்று வந்ததும் ஆட்டோவின் காப்பீட்டு நிறுவனம் லாரியையும், லாரியின் நிறுவனம் ஆட்டோவையும் கைகாட்டும். கடைசியில் “எங்கள் பங்கு பாதிதான், வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற பேச்சு எழும். அந்தப் பாதிக்கு இணங்க வேண்டிய கடமை பயணிக்குக் கிடையாது.

ஒருவர் தவறால் இன்னொருவருக்கு நேரும் கேட்டுக்கு இழப்பீடு பெற்றுத்தரும் தீங்கியல் சட்டத்தில், ஒரே தீங்கைப் பலர் சேர்ந்து விளைவித்தால், அவர்கள் பாதிக்கப்பட்டவருக்குக் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பாவார்கள். அதாவது முழுத் தொகையையும் அவர்களில் எவரிடமிருந்தும் வசூலிக்கலாம். அடிபட்டவரும் தவறு செய்திருந்தால் அவருடைய பங்கு இழப்பீட்டில் கழிக்கப்படும்; ஆனால் ஆட்டோவில் சும்மா உட்கார்ந்திருந்த பயணிக்குக் கழிக்கப் பங்கே இல்லை. இந்த வேறுபாட்டை 2008-இல் டி.ஓ. அந்தோணி வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2015-இல் கென்யே வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, தவறு செய்தவர்களில் ஒருவர்மீது மட்டும் மனுப்போட்டும் முழுத் தொகையையும் பெறலாம் என்று உறுதிசெய்தது. இந்த இரு தீர்ப்புகளின் நகலையும் உங்கள் வழக்கறிஞரிடம் கேட்டு வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை, இரண்டு வாகனங்களின் பதிவெண்களையும் எழுதி வைப்பது. நம் கன்னியாகுமரி மாவட்டச் சாலைகளில் கேரளப் பதிவெண் வண்டிகள் ஏராளம். ஓட்டுநர் எல்லை தாண்டிவிட்டால் அலைச்சல் அதிகம். முதல் தகவல் அறிக்கை, மகசர் (விபத்து இடத்தைப் பார்த்துக் காவலர் எழுதும் குறிப்பு), வாகன ஆய்வாளர் அறிக்கை, காயச் சான்றிதழ், இரு வண்டிகளின் காப்பீட்டு விவரம் ஆகியவற்றின் நகல்களைக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுங்கள். முதல் தகவல் அறிக்கையில் ஒரு ஓட்டுநர் பெயர் மட்டும் இருக்கிறதே என்று மனம் தளர வேண்டாம். இழப்பீட்டு மனுவை விசாரிக்கும் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் அதற்குக் கட்டுப்பட்டதல்ல; சாட்சியங்களைப் பார்த்து, எது நடந்திருக்கக் கூடுதல் வாய்ப்புள்ளது என்ற அளவுகோலில்தான் முடிவு செய்யும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவின்படி, விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ மனுச் செய்யலாம். கேரளத்தின் நெய்யாற்றின்கரையில் அடிபட்ட, நம் மாவட்டக் களியக்காவிளைக்காரர் குழித்துறையிலேயே வழக்கு நடத்தலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. சட்டம் விதித்த கெடு ஆறு மாதம். சிகிச்சை முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

மனுவை எழுதுவதில்தான் மிகுந்த கவனம் தேவை. சட்டம் ஒருவரை மட்டும் சேர்க்க அனுமதித்தாலும், இரு வண்டிகளின் உரிமையாளர்களையும் காப்பீட்டு நிறுவனங்களையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்த்து, இரு ஓட்டுநர்களின் கவனக்குறைவும் சேர்ந்தே விபத்துக்குக் காரணம் என்று தெளிவாகச் சொல்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. ஒருவரை மட்டும் சேர்த்து, அவர்மீது தவறே இல்லை என்று தீர்ப்பானால் மனு முழுவதும் தோற்றுவிடும். லாரி நிற்காமல் போய் அடையாளம் தெரியவில்லை என்றால் மட்டும் ஆட்டோவின் உரிமையாளரையும் காப்பீட்டு நிறுவனத்தையும் சேர்த்தால் போதும். ஆனால் ஆட்டோக்காரரின் தவறைச் சாட்சியத்தால் நிரூபிக்க வேண்டும்.

பைக்கில் பின்னால் அமர்ந்து சென்றவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பைக்குக்குச் சட்டம் கட்டாயமாக்கிய மூன்றாம் நபர் பாலிசி மட்டும் இருந்தால், பின்னிருக்கைக்காரருக்கு அந்தக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பேற்காது. ஓட்டியவர் உறவுக்காரராயிற்றே என்று அவருடைய தவறை மறைக்கவும் வேண்டாம். அவர்மீதும் பழி இருந்தாலும், தவறு செய்த மற்ற வண்டியின் நிறுவனத்திடமே முழுத் தொகையையும் கேட்கலாம்.

தீர்ப்பாயம் எட்டு லட்ச ரூபாய் வழங்கி, லாரிக்கு 70, ஆட்டோவுக்கு 30 விழுக்காடு என்று பிரித்தாலும், அந்தப் பிரிவு அவர்களுக்குள் கணக்குத் தீர்த்துக்கொள்வதற்கே. ஒரு நிறுவனம் எட்டு லட்சத்தையும் கட்டிவிட்டு, மற்றவரிடம் அவர் பங்கை நிறைவேற்று மனு (தீர்ப்பைச் செயல்படுத்தக் கோரும் மனு) மூலம் வசூலித்துக்கொள்ளலாம். ஆகவே தீர்ப்பு நகல் கைக்கு வந்ததும் “கூட்டாகவும் தனித்தனியாகவும்” என்ற சொற்கள் அதில் உள்ளனவா என்று பாருங்கள். இல்லாமல், ஒவ்வொருவரும் தம் பங்கை மட்டும் உங்களுக்குக் கட்ட வேண்டும் என்றிருந்தால், 90 நாட்களுக்குள் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மேல்முறையீடு செய்யலாம்.