கோமுக் பனியாற்றுக்கு ஒரே நாளில் போய் வரலாமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

கங்கோத்ரி போய் இறங்கியதும் பலருக்கும் அந்த ஆசை வந்துவிடும். "கோமுக் இங்கேயிருந்து பதினெட்டு கிலோமீட்டர்தானாம், விடிகாலையில் கிளம்பினால் சாயங்காலம் திரும்பிவிடலாம்." கங்கை பிறக்கும் இடத்தை ஆயுளில் ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் ஒரு தவறும் இல்லை. அந்தக் கணக்கில்தான் தவறு.

போக 18, வர 18, மொத்தம் 36 கிலோமீட்டர். சமவெளியில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் நடப்பவர்கூட, அந்த உயரத்தில், கல்லும் மண்ணுமான பாதையில், இரண்டரை கிலோமீட்டர் நடந்தாலே பெரிய விஷயம். அப்படியானால் நடை மட்டுமே 14 மணி நேரத்துக்கு மேல். உட்காரவும் சாப்பிடவும் பனியாற்றைக் கண்ணாரப் பார்க்கவும் ஆகும் நேரம் இதில் சேரவில்லை. ஜூன் மாதத்திலேயே அங்கே பகல் பொழுது ஏறக்குறைய 14 மணி நேரம்தான். கடைசி சில கிலோமீட்டரை இருட்டில், கால் துவண்டுபோன நிலையில், கீழே பாகீரதி (இங்கே கங்கைக்கு அந்தப் பெயர்தான்) இரையும் பள்ளத்தின் ஓரமாக நடக்க வேண்டியிருக்கும். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது முடியும். அவர்களைப் பார்த்து நாம் திட்டம் போடக் கூடாது.

நான் சொல்வது இதுதான்: பனியாற்றுக்கான ஒரு நாள் நடையை போஜ்பாசாவிலிருந்து தொடங்குங்கள். கங்கோத்ரியிலிருந்து 14 கிலோமீட்டரில் இருக்கிறது அந்த இடம். தங்குவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டு முதல் நாள் அங்கே போய்ப் படுத்துவிடுங்கள். மறுநாள் காலை பனியாற்றுக்கு இன்னும் நான்கு கிலோமீட்டர்தான். கையில் ஒரே ஒரு நாள்தான் இருக்கிறதா? சீர்பாசாவோடு திரும்பிவிடுங்கள். ஒன்பது கிலோமீட்டரில் பைன் மரங்கள் நிற்கும் அழகான இடம். வானம் தெளிந்திருந்தால் பாகீரதி சிகரங்கள் அங்கிருந்தே தெரியும்.

அடுத்தது உயரம். இதில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். தமிழ்நாட்டிலேயே உயரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். நடையே தொடங்காமல் கங்கோத்ரியில் நிற்கும்போதே நாம் சுமார் 3,100 மீட்டரில் இருக்கிறோம். கோமுக் ஏறக்குறைய 4,000 மீட்டர். வெள்ளியங்கிரி ஏறி இறங்கிய தெம்பு கால்களுக்கு உதவும், மூச்சுக்கு உதவாது. தினமும் ஜிம்முக்குப் போகும் இளைஞருக்கு இங்கே தலை சுற்றும், நிதானமாக ஏறி வந்த அறுபது வயதுக்காரர் தெம்பாக இருப்பார். உடல் பழக அவகாசம் கொடுத்தோமா என்பதுதான் கேள்வி. ரிஷிகேஷிலிருந்து ஒரே மூச்சில் கங்கோத்ரிக்கு வந்து மறுநாளே நடக்கக் கிளம்பாதீர்கள். உத்தரகாசியில் ஓர் இரவு, ஹர்சிலில் ஓர் இரவு, அப்புறம் கங்கோத்ரியில் ஓர் இரவு என்று ஏறி வாருங்கள்.

தலைவலி வந்தால் நம் வீடுகளில் உடனே ஒரு காரணம் கிடைத்துவிடும்: பித்தம், பஸ் அலுப்பு, காலையில் காபி குடிக்கவில்லை. இந்த மலையில் அப்படித் தள்ளிவிடாதீர்கள். தலைவலியோடு குமட்டலோ தலைச்சுற்றலோ சேர்ந்தால் அதற்கு மேல் ஓர் அடியும் ஏறக் கூடாது. சந்தேகமாக இருந்தால், ஒரு காலின் குதிகாலை மற்றக் காலின் விரல் நுனியில் ஒட்டி வைத்து நேர்கோட்டில் பத்து அடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ உடனே கீழே இறக்க வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

அனுமதிச் சீட்டைக் கடைசி நேரத்துக்கு விடுவதும் பலர் செய்வது. இது கங்கோத்ரி தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் பாதை. ஒரு நாளைக்கு 150 பேருக்குத்தான் அனுமதி. சீசனில் வந்த அன்றே கிடைக்கும் என்று நம்பாதீர்கள். அடையாள அட்டையும் நகலும் கையில் இருக்கட்டும்.

சீர்பாசாவைத் தாண்டியதும் மலைச்சரிவு இளகிக் கிடக்கும் பகுதி வரும். மேலே நீல ஆடுகள் எனப்படும் காட்டு ஆடுகள் மேயும். பார்க்க அவ்வளவு அழகு, எல்லோரும் அப்படியே நின்று போனை எடுப்பார்கள். அந்த ஆடு கால் மாற்றி வைக்கும்போது முதலில் மண் பொலபொலவென்று உதிரும், அதன் பின்னாலேயே தேங்காய் அளவு கல் துள்ளி வரும். அங்கே நிற்காதீர்கள். காதில் இயர்போன் வேண்டாம். ஒருவர் பின் ஒருவராக இடைவெளி விட்டு, மேலே ஒரு கண் வைத்தபடி வேகமாகக் கடந்துவிடுங்கள். வழியில் குறுக்கிடும் ஓடைகளையும் காலையிலேயே கடப்பது நல்லது. வெயில் ஏற ஏறப் பனி உருகி, காலையில் கணுக்கால் அளவு ஓடிய தண்ணீர் பிற்பகலில் முழங்காலைத் தொடும்.

பனியாறு என்றதும் வெள்ளை வெளேரென்று மனதில் ஒரு படம் இருக்கும். கோமுக் அப்படி இருக்காது. கல்லும் மண்ணும் மூடிய சாம்பல் நிறச் சுவர், அதன் அடியில் நீலம் கலந்த ஒரு குகை வாய், அதற்குள்ளிருந்து கலங்கலாகப் பொங்கி வரும் ஆறு. தீர்த்தம் எடுக்க அந்த வாய்க்கு அருகில் போவதுதான் இந்தப் பயணத்தில் செய்யக்கூடிய மிக ஆபத்தான தவறு. 2016-இல் முகப்பின் ஒரு பெரிய பகுதி இடிந்து விழுந்து, பனிக்கட்டிகள் கங்கோத்ரி வரை மிதந்து வந்தன. வனத்துறை எந்த இடத்தில் நிற்கச் சொல்கிறதோ அங்கேயே நில்லுங்கள். தீர்த்தத்தைக் கங்கோத்ரிப் படித்துறையில் எடுத்தாலும் அதே கங்கைதான். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, தபோவனத்தையும் பார்த்துவிடலாம்" என்று கிளம்பவும் வேண்டாம். கோமுக்குக்கு மேலே இருக்கும் அந்தப் புல்வெளிக்குப் போகப் பனியாற்றையே கடக்க வேண்டும், மண் மூடிய பிளவுகள் வழி தெரிந்தவர் கண்ணுக்குத்தான் படும்.

ஜீன்ஸ், காட்டன் பனியன் வேண்டாம், நனைந்தால் காயாமல் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது சீக்கிரம் காயும் துணி, மழைக்கோட்டு, கறுப்புக் கண்ணாடி, டார்ச், இரண்டு லிட்டர் தண்ணீர், அன்றைக்கு வேண்டிய சாப்பாடு. வழியில் கடை இருக்கும் என்று எண்ண வேண்டாம்.

ஊர் திரும்பும் டிக்கெட்டை நெருக்கிப் போடுவது கடைசித் தவறு. ஜூலை, ஆகஸ்ட் மழையில் இந்தச் சாலை எந்த நாளும் மூடலாம். 2025 ஆகஸ்ட் 5 அன்று கங்கோத்ரி சாலையில் உள்ள தராலி கிராமத்தைச் சேற்று வெள்ளம் சில நிமிடங்களில் மூடியது. மே, ஜூன் அல்லது செப்டம்பர் பிற்பகுதி, அக்டோபர் என்று திட்டமிடுங்கள். அந்த மாதங்களிலும் டெல்லி ரயிலுக்கு முன்னால் இரண்டு நாளாவது காலியாக விட்டு வையுங்கள்.