சீவாவுக்குப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

எகிப்தின் மேற்குக் கோடியில், லிபிய எல்லையிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது சீவா. கடல் மட்டத்துக்குக் கீழே ஒரு பள்ளத்தில் பேரீச்சையும் ஒலிவமும் அடர்ந்து வளரும் பாலைவனச் சோலை அது. வட ஆப்பிரிக்காவின் பூர்வகுடிகளான பெர்பர் மக்களின் பழைய ஊர். கெய்ரோவிலிருந்து இரவு முழுக்க பஸ்ஸில் போக வேண்டும். மத்தியதரைக் கடலோர மர்சா மத்ரூவிலிருந்து 300 கிலோமீட்டர். இவ்வளவு தூரம் போய், ஒரே பகலில் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று இரவாவது தங்குங்கள். கோடையில் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். அக்டோபர் முதல் மார்ச் வரை போவது நல்லது. குளிர்கால இரவுகளுக்குக் கம்பளி உடை கட்டாயம் வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, ஊர் நடுவே குன்றின் மேல் இருக்கும் பழைய குடியிருப்பான ஷாலி கோட்டையில் நடப்பதுதான். படம் எடுப்பதற்காகச் சுவர் மேல் ஏறி நிற்கிறார்கள். அந்தச் சுவர் எதனால் ஆனது என்று தெரிந்தால் யாருக்கும் கால் வைக்க மனம் வராது. உப்பு ஏரிக்கரையில் வெட்டிய உப்புக் கட்டிகளைக் களிமண் சேற்றில் பதித்து எழுப்பியது அது, ‘கெர்ஷெஃப்’ என்பார்கள். காய்ந்தால் கல்லைப்போல இறுகும், வீட்டுக்குள் வெயில் ஏறாது. மழை மட்டும் அதற்கு ஆகாது, உப்பு கரைந்துவிடும். மழையே அரிதான ஊர் என்பதால் பல நூற்றாண்டுகள் தாங்கி நின்ற அந்த மாடி வீடுகளை 1926-ல் மூன்று நாள் விடாமல் பெய்த மழை குலைத்துப் போட்டது. மக்கள் கீழே இறங்கிப் புது வீடு கட்டிக்கொண்டார்கள். இடிபாடு என்று நாம் சொல்வது, இன்று ஊரில் இருப்பவர்களின் பாட்டன் பூட்டன் குடியிருந்த வீடு. போட்டிருக்கும் பாதையிலேயே நடங்கள், பெயர்ந்த கட்டியை நினைவுப் பொருளாகப் பையில் போடாதீர்கள்.

அடுத்தது தண்ணீர். ‘கிளியோபாட்ரா ஊற்று’ என்று வழங்கும் வட்டக் குளத்தில் சோப்புப் போட்டுக் குளிக்கிறார்கள் சிலர். ஊற்று நீர் தோட்டங்களுக்குப் பாய்வதற்கானது. அதே சமயம், அளவில்லாமல் தோண்டிய கிணறுகளின் உபரி நீர் வடிய வழியில்லாமல் தேங்கி, உப்பேறி, பேரீச்சை வேர்களைக் கெடுக்கிறது. தண்ணீர் குறைந்தாலும் கேடு, மிஞ்சினாலும் கேடு என்ற நிலையில் வாழ்கிற ஊரில் விருந்தாளி சிக்கனமாகப் புழங்குவதே மரியாதை. உப்பு வெட்டிய குழிகளில் தேங்கிய நீலநீரில் மிதக்கப் போகிறவர்களுக்கு ஒரு சொல்: காயமோ, அன்று மழித்த தோலோ இருந்தால் எரிச்சல் தாங்காது. கண்ணைக் கையால் தேய்க்கவே கூடாது. விளிம்பில் படிந்த உப்புப் படிகம் காலைக் கிழிக்கும், செருப்போடு இறங்குங்கள். கழுவிக்கொள்ள நல்ல தண்ணீரும் கையில் இருக்கட்டும்.

சீவா மக்களை அரபியர் என்று நினைத்துப் பேசுவதும் தவறு. எல்லோருக்கும் அரபி தெரியும், ஆனால் தாய்மொழி சீவி என்னும் பெர்பர் மொழி. பெர்பர் மொழி வழங்கும் நிலப்பரப்பின் கிழக்கு முனை இதுதான். எகிப்தில் சீவாவையும் அருகிலுள்ள சிற்றூரான காராவையும் தவிர வேறெங்கும் அது ஊர்மொழியாக இல்லை. மணமான பெண்கள் வெளியே வரும்போது உடல் முழுதும் மூடிய போர்வையோடு வருவார்கள். அவர்களைப் படம் எடுக்காதீர்கள், தூரத்திலிருந்தும் வேண்டாம். கடைத்தெருவில் தோளும் முழங்காலும் மறைந்திருக்கட்டும், ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஊற்றில் இறங்கும் பெண்கள் நீச்சலுடைக்கு மேல் தளர்வான உடை அணிவது நல்லது. மதுவை மறந்துவிடுங்கள்.

அலெக்சாண்டர் கிமு 331-ல் எகிப்தியக் கடவுள் அமுனின் கோயிலில் குறி கேட்க வந்த இடம் என்பதற்காகவே பலர் வருகிறார்கள். அகுர்மிக் குன்றில் அந்தக் கோயிலை அவசியம் பாருங்கள். ஆனால் அதோடு ஊர் முடிந்துவிட்டதாக எண்ணிப் புறப்பட்டுவிட்டால், தோட்டங்களுக்கு நடுவே நடந்து போய் ஒரு பேரீச்சைத் தோப்பில் தேநீர் குடிக்கும் மாலையை இழப்பீர்கள்.

மணல் மேடுகளுக்குள் சொந்தமாக வண்டி எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம். எல்லைப் பகுதி என்பதால் பாலைவனத்துக்குள் செல்லவும் அங்கே இரவு தங்கவும் ராணுவ அனுமதி வேண்டும். தங்கும் விடுதியிலோ உள்ளூர் வழிகாட்டியிடமோ கடவுச்சீட்டு நகலைக் கொடுத்தால் ஏற்பாடு செய்வார்கள். ஊர் சேர்ந்த அன்றே கேட்டுவிடுங்கள்.