படைப்புழுவை மனதில் வைத்து மக்காச்சோள விதை வாங்குவது எப்படி?

புரட்டாசி மழைக்கு முன்னால் உசிலம்பட்டி, பேரையூர், டி.கல்லுப்பட்டி பக்கம் எந்த உரக்கடையில் நின்றாலும் காதில் விழும் கேள்வி, "புழு விழாத விதை இருக்காண்ணே?" நானும் முதல் வருஷம் அப்படித்தான் கேட்டேன். கடைக்காரர் ஒரு பையைத் தூக்கி வைத்து, "இது புழு தாங்கும், தைரியமா கொண்டு போங்க" என்றார். விதை ரோஸ் கலரில் பளபளவென்று இருந்தது, இரண்டு பை வாங்கிவிட்டேன். பதினெட்டாம் நாள் ஒரு குருத்தைப் பிரித்துப் பார்த்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்குள் சுருண்டு கிடக்கிறது புழு. நெற்றியில் தலைகீழாக ஒய் எழுத்து, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. சந்தேகமே இல்லை, படைப்புழு.

அதனால் முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் விற்கும் பி.டி. மக்காச்சோளம் இங்கே கிடையாது. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணுவைச் செடிக்குள் வைத்திருப்பார்கள், அதனால் செடிக்குள் உருவாகும் புரதம், இலையைத் தின்கிற புழுவின் குடலைக் கெடுத்துவிடும். 1996 முதல் அங்கே சாகுபடியில் இருக்கிறது. அங்குள்ள விவசாயி பையில் எந்தப் புரதம் இருக்கிறது, அது எந்தப் புழுவுக்கு என்று பார்த்து வாங்குவார். தண்டுத் துளைப்பானுக்கு ஒன்று, வேர்ப்புழுவுக்கு வேறொன்று. நம் நாட்டில் வணிக ரீதியாகப் பயிரிட அனுமதி பெற்ற மரபணு மாற்றுப் பயிர் பருத்தி மட்டும்தான், அதுவும் 2002-ல் வந்தது. யாராவது ரகசியமாக "பி.டி. சோளம் இருக்கு" என்று நீட்டினால், ஒன்று பொய், இல்லையென்றால் சட்டவிரோதம். இன்னொன்று, அது வந்தாலும் காலத்துக்கும் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். பி.டி. பருத்தியில் இளஞ்சிவப்பு காய்ப்புழு பழகிக்கொண்ட கதை நமக்கே தெரியும். போர்ட்டோ ரிக்கோவில் இதே படைப்புழு கிரை1எஃப் என்ற புரதத்துக்குப் பழகிப்போனது. அப்படிப் பழகாமல் இருக்கத்தான் அங்கே நிலத்தில் ஒரு பங்கு சாதா விதையும் போடச் சொல்கிறார்கள்.

சரி, நம் கையில் என்ன இருக்கிறது? வயது, கருதின் மூடல், விதை நேர்த்தி. இந்த மூன்றையும் பார்த்துத்தான் பையை எடுக்க வேண்டும்.

வயது சுலபம். மானாவாரிக் கரிசல் என்றால் குறுகிய வயது வீரிய ஒட்டு, கிணற்றுத் தண்ணீர் இருந்தால் கோ 6 மாதிரி 110 நாள் ரகம்கூடப் போடலாம்.

கருதின் மூடலைப் பையில் அச்சடிக்க மாட்டார்கள், நாம்தான் காட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். அறுப்பு சமயத்தில் பக்கத்துத் தோட்டங்களில் நாலைந்து ரகத்தைப் பாருங்கள். மேல்தோல் நுனியைத் தாண்டி இறுக்கமாக மூடியிருக்கிறதா, இல்லை நுனியில் மணி வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறதா? இறுக்கமாக மூடிய கருதில் புழு உள்ளே போவது குறைவு, மழைத்தண்ணீர் இறங்கிப் பூசணம் பிடிப்பதும் குறைவு. குருத்தைத் தின்பதை இது தடுக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். (காட்டுப்பன்றிக்கு எந்த ரகமும் கிடையாது, அது வேறு பஞ்சாயத்து.)

மூன்றாவதுதான் நான் ஏமாந்த இடம். விதை ரோஸாக, சிவப்பாக இருந்தாலே புழு மருந்து என்று அர்த்தமில்லை. பூசணக்கொல்லி மட்டும் கலந்த விதைக்கும் சாயம் ஏற்றுவார்கள். பையைத் திருப்பி, எந்த மருந்தில் நேர்த்தி செய்தது என்ற பொடி எழுத்தைப் படியுங்கள். தைரம், மெட்டலாக்சில் என்று மட்டும் இருந்தால் அது பூசணத்துக்கு. சயன்ட்ரானிலிப்ரோல், தயாமீத்தாக்சம் இரண்டும் சேர்ந்திருந்தால் அது புழுவுக்கு, முளைத்து இரண்டு மூன்று வாரம் காப்பாற்றும். அப்புறம் அதன் வேலை முடிந்தது, நம் வேலை ஆரம்பம். எது இருந்தாலும் வெறும் கையால் அள்ள வேண்டாம், மிச்ச விதையைக் கோழிக்குப் போடவே கூடாது.

அதே அட்டையில் பரிசோதனை செய்த தேதி, காலாவதி தேதி, லாட் எண், முளைப்புத் திறன் எல்லாம் இருக்கும். வீரிய ஒட்டு மக்காச்சோளத்துக்கு முளைப்பு 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. விதை 8 கிலோ இருந்தால் ஒரு ஏக்கருக்குப் போதும், வரிசைக்கு வரிசை 60, செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் இடைவெளி.

விதையை மட்டும் நம்பியும் இருக்கக் கூடாது. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு, வரப்போரம் தட்டைப்பயறு. முடிந்தால் பக்கத்துக் காட்டுக்காரர்களோடு பேசி எல்லோரும் ஒரே வாரத்தில் விதையுங்கள். ஒருவர் முந்தி ஒருவர் பிந்தி விதைத்தால் அந்துப்பூச்சிக்கு மாசக்கணக்கில் இளங்குருத்து கிடைத்துக்கொண்டே இருக்கும். முளைத்த பத்தாம் நாளிலிருந்து வாரம் இருமுறை காலையில் காட்டைச் சுற்றி வாருங்கள். இலையில் கண்ணாடி மாதிரி சுரண்டல் தெரிந்தால் புழு இன்னும் பொடிசு, அப்போது அடிக்கிற மருந்துதான் கேட்கும். எமாமெக்டின் பென்சோயேட் 5 எஸ்.ஜி. (தண்ணீரில் கரையும் குருணை மருந்து) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 0.4 கிராம், நாசிலைக் குருத்துக்குள் காட்டி அடிக்க வேண்டும், மேலாக விசிறிவிட்டுப் போனால் காசு வீண்.

கடைசியாக, காலிப் பையையும் பில்லையும் கருது வீட்டுக்கு வரும்வரை பத்திரமாக வையுங்கள். நான் அந்த வருஷம் புகார் சொல்லப் போனபோது கேட்ட முதல் கேள்வி லாட் எண். பையை அதற்குள் கிழித்து மோட்டார் பெட்டிக்குச் சாரல் படாமல் கட்டியிருந்தேன், எண் இருந்த பக்கத்தையே காணோம்.