பிரெய்ரி குடியேற்றக் கதையை இளையோருக்கு எழுதுவது எப்படி

பிரெய்ரி என்பது வட அமெரிக்காவின் நடுவிலுள்ள பரந்த புல்வெளி. கதை எழுத, முதலில் ஆண்டையும் கவுண்டியையும் (மாவட்டம் போன்ற பிரிவு) முடிவு செய்துவிடுங்கள். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கப் புல்வெளி’ என்று பொத்தாம்பொதுவாகத் தொடங்கினால் மூன்றாம் அத்தியாயத்துக்குள் பிழை விழும். 1867இல் நடக்கும் கதையில் பண்ணையைச் சுற்றி முள்கம்பி வேலி ஓடக்கூடாது. ஜோசப் கிளிட்டன் 1874இல் காப்புரிமை பெற்ற பிறகுதான் அது சமவெளி எங்கும் பரவியது. திரைப்படங்களில் காற்றில் உருண்டு வருமே ஒரு காய்ந்த முட்செடி, அதுவும் அந்த மண்ணின் செடி இல்லை. 1870களில் ரஷ்யாவிலிருந்து வந்த ஆளி விதையோடு கலந்து டகோட்டா பிரதேசத்துக்குள் நுழைந்தது.

அடுத்து, சட்டத்தைப் படியுங்கள். கதைக்கட்டின் பாதி அதிலேயே இருக்கிறது. 1862 மே 20 அன்று லிங்கன் கையெழுத்திட்ட, குடியேறிகளுக்கு அரசு நிலம் தரும் ஹோம்ஸ்டெட் சட்டம் 1863 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குடும்பத் தலைவரோ 21 வயது நிரம்பியவரோ 160 ஏக்கர் கேட்கலாம். குடிமகனாக இருக்கவேண்டும், அல்லது குடிமகனாகும் எண்ணத்தை முறைப்படி அறிவித்திருக்கவேண்டும். கட்டணம் மொத்தம் 18 டாலர்: பதியும்போது 12, பட்டா வாங்கும்போது 6. ஐந்து ஆண்டுகள் அங்கேயே குடியிருந்து, வீடு கட்டி, பயிர் செய்து, அதற்கு இரண்டு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும். ஐந்து ஆண்டு முடிந்தபின் இதைச் செய்ய இரண்டு ஆண்டு அவகாசம். இடையில் ஆறு மாதத்துக்கு மேல் நிலத்தை விட்டுப் போய்விட்டால் அது அரசுக்கே திரும்பிவிடும்.

அந்த ஆறு மாத விதியை விடாதீர்கள். விளைச்சல் பொய்த்த ஆண்டுகளில் பல தந்தையர் ரயில்பாதை வேலைக்குப் போனார்கள். பதிந்த நிலம் கைவிட்டுப் போகாமல் குடும்பம் அங்கேயே தங்கியது. பதினைந்து வயதுப் பெண்ணொருத்தி தம்பியுடன் குளிர்காலம் முழுக்க நிலத்தைக் காத்திருக்க இது நம்பத்தக்க காரணம். பெற்றோரை ஏதோ நோயில் சாகடித்துப் பிள்ளைகளைத் தனியாக்குவதைவிட எவ்வளவோ மேல். உங்கள் நாயகி தன் பேரில் நிலம் பதியவேண்டும் என்றால் வயதைக் கவனியுங்கள். மணமாகாத பெண்ணும் கைம்பெண்ணும் பதியலாம். கணவனோடு வாழும் பெண் தன் பேரில் பதிய முடியாது. ஆகவே, மூத்தவள் பதிந்துவிட்டு ஐந்து ஆண்டு முடியும்வரை திருமணத்தைத் தள்ளிப்போடுகிறாள் என்றால், அதைத் தங்கையின் கண் வழியே சொல்லலாம்.

தொலைவையும் சட்டமே தருகிறது. 160 ஏக்கர் சதுரத்தின் ஒரு பக்கம் அரை மைல். எல்லோரும் தம் நிலத்தின் நடுவில் வீடு கட்டினால் பக்கத்து வீடு அரை மைல் தள்ளி. இடையில் ரயில்வே நிறுவனத்துக்கு ஒதுக்கிய நிலம் இருந்தால் இன்னும் தூரம். ‘அலறல் கேட்டு அண்டை வீட்டார் ஓடிவந்தனர்’ என்று எழுதும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

இனி வேலை. இளையோர் கதையில் பெரியவர்கள் வேலை செய்ய, பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பதுதான் பெரிய குறை. குடும்பம் பிழைக்கத் தேவையான ஒரு வேலையை உங்கள் பாத்திரத்தின் கையில் கொடுங்கள். அது எங்கே தவறும் என்பதையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

புல்மண் வீட்டையே எடுத்துக்கொள்வோம். மரம் இல்லாத இடத்தில், வேர் பின்னிய மேல்மண்ணைத் தனிக் கலப்பையால் நாடா நாடாகச் சீவுவார்கள். அகலம் ஓர் அடி, கனம் நாலு அங்குலம். அதை மண்வெட்டியால் இரண்டு மூன்று அடி நீளத்துக்கு வெட்டினால் ஒரு கட்டி. எடை 50 பவுண்டை எட்டும். பன்னிரண்டு வயதுச் சிறுவன் அதைத் தனியாகத் தூக்கி வீசுவதாக எழுதாதீர்கள், இருவர் பிடிக்கட்டும். மண் ஈரமாக இருக்கும்போதுதான் வெட்டவேண்டும். அன்றைக்கு அடுக்கக்கூடிய அளவே வெட்டவேண்டும், காய்ந்தால் உதிர்ந்துவிடும். புல் பக்கம் கீழே வரும்படி இரட்டை வரிசையாக, மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் அடுக்குவார்கள். சில வரிக்கு ஒருமுறை குறுக்கே ஒரு வரி வைத்தால் இரண்டும் பிணையும். சுவரின் கனம் இரண்டடிக்கு மேல். 16க்கு 20 அடி வீட்டுக்கு அரை ஏக்கர் முதல் ஒரு ஏக்கர் வரை சீவவேண்டியிருக்கும்.

எது கெடும்? சுவர் நாளாக நாளாக அமுங்கும். சன்னல் சட்டத்துக்கு மேலே இடைவெளி விட்டுத் துணி அடைக்காமல் போனால் கண்ணாடி விரியும். மண்கூரை மழை நின்ற பிறகும் ஒழுகும்; நனைந்து கனத்த கூரை உத்தரத்தை முறித்து உள்ளே விழலாம். மண்ணும் பூச்சியும் சோற்றுத்தட்டில் விழாமலிருக்க மேலே மஸ்லின் துணி கட்டுவார்கள். சில நேரம் அந்தத் துணியில் பாம்பின் கனம் தொங்கும்.

எரிபொருள் சிறுவர் வேலை. காட்டெருமைச் சாணத்தை வறட்டி என்று எழுதினால் வாசகருக்குப் புரியும், ஆனால் யாரும் அதைத் தட்டிக் காயவைக்கவில்லை. புல்வெளியில் தானாக உலர்ந்து கிடந்ததைப் பொறுக்கினார்கள். 1880களின் நடுவில் நடக்கும் கதையென்றால் காட்டெருமை ஏறக்குறைய அழிந்துவிட்டது. அப்போது மாட்டுச் சாணமும் மக்காச்சோளச் சக்கையும் முறுக்கிய வைக்கோலும்தான். வைக்கோல் நொடியில் எரிந்துவிடும். அடுப்பு எரியும்வரை ஒருவர் உட்கார்ந்து முறுக்கிக்கொண்டே இருக்கவேண்டும், கை கிழியும். உரையாடலுக்கு இதைவிட நல்ல களம் கிடையாது.

பேரிடர்களில் ஒன்று போதும். 1874 வெட்டுக்கிளி என்றால், கூட்டம் பறந்து போனதோடு அத்தியாயத்தை முடிக்காதீர்கள். மண்ணில் இட்ட முட்டைகள் அடுத்த வசந்தத்தில் பொரிக்கும். 1888 ஜனவரி 12 பனிப்புயல் என்றால், அன்று காலை இதமாக இருந்ததால் பிள்ளைகள் கனத்த மேலங்கி இல்லாமல் பள்ளிக்குப் போனார்கள் என்பதே அதன் கொடுமை. புயல் டகோட்டாவை முன்னரும் நெப்ராஸ்காவின் கிழக்கைப் பிற்பகலிலும் தாக்கியது. உங்கள் பள்ளிக்கூடம் இருக்கும் இடத்தைப் பொறுத்து மணி மாறும்.

ஒன்றில் மட்டும் சமரசம் வேண்டாம். அந்த நிலம் யாரும் இல்லாமல் காலியாகக் கிடக்கவில்லை. நெப்ராஸ்காவில் என்றால் பானி மக்கள், 1870களில்தான் தெற்கே இந்தியன் பிரதேசத்துக்கு (இன்றைய ஓக்லஹோமா) பெயர்க்கப்பட்டார்கள். தென்கிழக்குக் கான்சஸில் ஓசேஜ் மக்கள், மினசோட்டாவில் டகோட்டா மக்கள். ‘செவ்விந்தியர்கள்’ என்று மொத்தமாகச் சொல்லாமல் இனத்தின் பெயரைச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவருக்கு முழுப் பாத்திரமும் சொந்தக் கவலையும் கொடுங்கள். கான்சஸின் நிக்கோடெமஸ் 1877இல் கறுப்பின மக்கள் நிறுவிய ஊர். அடிமைத்தளையிலிருந்து மீண்ட குடும்பத்தின் பிள்ளைக்கு நிலம் என்ற சொல் வேறு எடையோடு ஒலிக்கும்.

ஏக்கர், மைல், டாலர் ஆகியவற்றை மாற்றாமல் வையுங்கள். உரையாடலுக்கு நம் வட்டார வழக்கைப் பூசவேண்டாம். குறுகிய, நேரான வாக்கியம் போதும்.

சாலமன் புச்சர் 1886 முதல் நெப்ராஸ்காவின் கஸ்டர் கவுண்டியில் எடுத்த படங்களில் புல்மண் வீடுகளின் முன் குடும்பங்கள் தம் கலப்பை, பசு, நாற்காலியோடு நிற்கும். ஒரு படத்தை அரை மணி நேரம் பாருங்கள்: காலணி யாருக்கு இல்லை, சன்னலில் என்ன இருக்கிறது என்று குறியுங்கள். அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்திலுள்ள நிலக் கோப்புகளில் வீட்டின் அளவு, உழுத ஏக்கர், சாட்சிகளின் வாக்குமூலம் எல்லாம் உண்டு.

முதல் வரைவு முடிந்ததும் ஒரு தாளில் அத்தியாயவாரியாகக் கணக்கு எழுதுங்கள்: மீதி மாவு, மீதி எரிபொருள், கையிலுள்ள பணம், உழுத நிலம், பட்டாவுக்கு இன்னும் எத்தனை மாதம். எண்கள் எங்கே அசையாமல் நிற்கின்றனவோ, அந்த அத்தியாயத்திலிருந்து திருத்தத் தொடங்குங்கள்.