போர்க்குற்ற வாக்குமூலம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிறு தாரமங்கலம் பக்கம் ஒரு இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமுக்கு ஜூனியர்கள் இரண்டு பேரைக் கூட்டிப் போயிருந்தேன். சாயந்திரம் அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து அவர்கள் எழுதியதைப் படித்தால், பதினைந்து வருடத்துக்கு முன்னால் நான் எழுதியதேதான். கையெழுத்து மட்டும் வேறு. தேதி விடுவது, கையொப்பம் விடுவது எல்லாம் தானாகச் சரியாகிவிடும். இவை ஆகாது.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லைக் கண்ட இடத்தில் போடுவது

ஐ.நா. சாசனத்தை அப்பட்டமாக மீறி ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் படை ஏவுவதுதான் ஆக்கிரமிப்புக் குற்றம். அந்த நாட்டின் அரசியல், ராணுவ முடிவுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் மட்டுமே அதற்குப் பொறுப்பு. உள்நாட்டுப் போர் பற்றிய மனுவில் அதற்கு இடமே இல்லை. போர்க்குற்றம் வேறு: போரை யார் தொடங்கியிருந்தாலும், அதை எப்படி நடத்தினார்கள் என்பதே கேள்வி. 2023 மார்ச்சில் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தது படையெடுத்ததற்காக அல்ல. உக்ரைன் குழந்தைகளைச் சட்டவிரோதமாகக் கொண்டுபோன குற்றச்சாட்டுக்காக. அந்த நீதிமன்றத்தை உருவாக்கிய ஒப்பந்தமான ரோம் சாசனத்தில் ரஷ்யா இல்லாததால், ஐ.நா. பாதுகாப்பு சபை அனுப்பினாலொழிய, ஆக்கிரமிப்பை அந்த நீதிமன்றம் தொட முடியாது. அதனால்தான் உக்ரைனும் ஐரோப்பாக் கவுன்சிலும் (Council of Europe) 2025 ஜூனில் தனித் தீர்ப்பாயத்துக்கு ஒப்பந்தம் போட்டன.

ஹேக்கின் இரண்டு நீதிமன்றங்களைக் குழப்புவது

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இரண்டு உண்டு. சர்வதேச நீதிமன்றம் நாடுகளை விசாரிக்கும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றம் ஆட்களை.

"நேரா ஹேக்குக்கே போயிடலாம் சார்"

இந்தியாவும் இலங்கையும் ரோம் சாசனத்தில் சேரவில்லை. நம் 1960ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தங்கள் சட்டத்தின் கீழ் அரசு புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் வழக்கை எடுக்கும். ஆனால் வேறு கதவுகள் உண்டு: சில நாடுகள் இத்தகைய குற்றம் எங்கே நடந்திருந்தாலும் தங்கள் நீதிமன்றத்தில் விசாரிக்கின்றன. 2022 ஜனவரியில் ஜெர்மனியின் கோப்லென்ஸ் நீதிமன்றம் ஒரு சிரிய உளவு அதிகாரிக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது. அங்கே சாட்சிக் கூண்டேறியவர்களில் பலர் அகதிகளாக வந்த சிரியர்கள்.

கண்டதையும் கேட்டதையும் கலந்து எழுதுவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. 2006இல் படகேறி வந்த ஒரு அம்மா சொன்னார் (கிபிர் என்பது இலங்கை விமானப்படையின் ஜெட் விமானம்): "கிபிர் சத்தம் கேட்டு பிள்ளையளை இழுத்துக்கொண்டு பங்கருக்குள்ள இறங்கிட்டம். வெளியில வரேக்க பள்ளிக்கூடத்து ஓடு எங்கட முத்தத்தில கிடந்தது." நான் எழுதியது: "பொதுமக்கள் தஞ்சமடைந்திருந்த பள்ளி திட்டமிட்டுத் தாக்கப்பட்டதை நேரில் கண்டேன்." பங்கருக்குள் இருந்தவர் எதைக் கண்டார்? "திட்டமிட்டு" என்பது நீதிபதி சொல்ல வேண்டிய சொல். அதை நான் அவர் வாயில் திணித்தேன். அன்றைக்கு எடுத்த ஐந்து வாக்குமூலத்திலும் அதே வாக்கியம். வெளிநாட்டில் வழக்கைத் தயாரித்த வழக்கறிஞர்கள் ஐந்தையும் ஒதுக்கிவிட்டார்கள். ஐந்து பேர் ஒரே வாக்கியத்தைப் பேச மாட்டார்கள். திருத்தி வாங்கலாம் என்று போனபோது அந்த அம்மா இறந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

அந்த ஓடுதான் சாட்சியம். பள்ளிக்கும் முற்றத்துக்கும் எவ்வளவு தூரம்? ஓடு எந்தப் பக்கமாகக் கிடந்தது? விமானம் எத்தனை தரம் சுற்றியது? பக்கத்தில் காவலரண் ஏதாவது இருந்ததா? அடிபட்டது ராணுவ இலக்கா இல்லையா என்று நிபுணர் கணிப்பது இப்படிப்பட்ட விவரங்களை வைத்துத்தான். கீழே உள்ளவன் செய்தது தளபதிக்குத் தெரியுமா, தெரிந்தும் தடுக்காமல் விட்டாரா என்ற கட்டளைப் பொறுப்புக்கும் இங்கிருந்துதான் ஏற வேண்டும்.

அதனால் "விமானப்படைதானேம்மா?" என்று கேட்காதீர்கள். "அப்புறம் என்னாச்சும்மா?" என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதென்றால் அவர் சொன்னதாகவே எழுதுங்கள். கிபிரைப் "போர் விமானம்" ஆக்காதீர்கள். சத்தத்தை வைத்தே இன்ன விமானம் என்று பிரித்தறிந்த மனுஷி அவர்; நீங்கள் மாற்றினால் அந்த அறிவு காகிதத்தில் இருக்காது.

ஒரே ஆளை மூன்று பேர் விசாரிப்பது

வேண்டாம். மூன்று பிரதி மூன்று விதமாக வரும். குறுக்கு விசாரணைக்கு அதுவே போதும்.